ஷபானா மேல் விழுந்த பழி

புனே கேம்ப் பகுதியில் ஸ்டெல்லா அக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. ஊரில் எந்தக் கோயிலில் கிறிஸ்தவக் கல்யாணம் நடந்தாலும் மணப்பெண்ணின் வெள்ளை கவுனைப் பார்த்து, "இது ஸ்டெல்லா தைத்ததா?" என்று ஒருவராவது கேட்பார். போன வருஷம் எங்கள் கோயிலின் பங்குத் திருவிழா மலரில் அவரைப் பற்றி இரண்டு பக்கம் வந்தது. போட்டோவும் போட்டார்கள். போடட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் அந்தக் கவுன்களின் கழுத்திலும் கையிலும் மின்னிய முத்துகளை ஒவ்வொன்றாகத் தைத்தவள் ஷபானா. பன்னிரண்டு வருஷம் தைத்தாள். அவளைப் பற்றி அந்த மலரில் ஒரு வரி இல்லை.

அந்த இரண்டு பக்கத்தை எழுதிக் கொடுத்தவன் நான்தான். அவள் பேரை எழுத வேண்டிய இடம் வந்தபோது எனக்குக் கை ஓடவில்லை. வெட்கம். ஷபானாவின் வேலைக்கு இருந்த நல்ல பேரைக் கெடுத்தவன் நான். அதை யாரிடமாவது முழுசாகச் சொல்லியாக வேண்டும், அதனால் இப்போது எழுதுகிறேன்.

என் பெயர் கிறிஸ்டோபர். அப்பா தூத்துக்குடியிலிருந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது, வளர்ந்தது, உதை வாங்கியது எல்லாம் கட்கி குவார்ட்டர்ஸில். எனக்கு மூக்கு நுனியில் கோபம். என் வேலையில் யாராவது ஒரு குறை சொல்லிவிட்டால் அன்றைக்கு வீட்டில் சோறு இறங்காது. தொண்ணூற்றாறில் எம்.ஜி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு போட்டோ ஸ்டூடியோவின் மாடியில் ஒற்றை அறை பிடித்து, ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, கல்யாணப் பத்திரிகை அடிக்க டி.டி.பி. ஆரம்பித்தேன். ஈ ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு வாடிக்கை பிடித்துக் கொடுத்தவர் ஸ்டெல்லா அக்கா. கவுனுக்கு அளவு கொடுக்க வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும், "பத்திரிகை அடிச்சாச்சா? நம்ம கிறிஸ்டோகிட்ட போ" என்று அனுப்பிவிடுவார்.

அவர் கடை சென்டர் ஸ்ட்ரீட் பக்கத்துச் சந்தில். ஒரே அறை, மூன்று மிஷின், ஆளுயரக் கண்ணாடி ஒன்று. அக்கா வெட்டுவார், தைப்பார், வாடிக்கையாளர்களைத் திட்டுவார். கல்யாணம் ஆகாதவர். "ஊர்ல உள்ள எல்லா பொம்பளைக்கும் கவுன் தச்சுட்டேன், எனக்குத் தைக்கத்தான் நேரம் கெடைக்கல" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஜன்னல் ஓரம் ஷபானா உட்கார்ந்திருப்பாள். அவள் அப்பா ஆம்பூர்க்காரர், இங்கே செருப்புக் கடையில் தோல் வெட்ட வந்தவர். வீட்டில் உருது, எங்களோடு தமிழ், காய்கறிக்காரியோடு மராட்டி என்று மூன்றும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பள்ளிக்கூடம் ஏழாவதோடு நின்றுவிட்டது. உருது வாசிப்பாள். இங்கிலீஷ் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. புருஷன் ஆட்டோ ஓட்டினான், இரண்டு பெண் குழந்தைகள், பீம்புராவில் ஓர் அறை வீடு. மடியில் சாட்டின் துணியை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்றால், மதியம் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் தவிர எழுந்திருக்க மாட்டாள்.

கவுன் முடிந்ததும் அவளுக்கு ஒரு பழக்கம். அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய், பெட்ஷீட்டை உதறுகிற மாதிரி படபடவென்று உதறுவாள். அக்காவுக்கு உயிர் போய்விடும்.

"ஏ பைத்தியக்காரி, அது கவுனுடி! கால்மிதின்னு நெனச்சியா?"

"விழுறது இங்கயே விழட்டும் அக்கா. சர்ச்சுல போய் விழ வேணாம்."

ஒரு முத்து விழுந்து நான் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் நான் வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டேன். முதல் வெப்சைட் அக்காவுக்கு. வெள்ளைப் பின்னணி, பத்துக் கவுன்களின் படம், போன் நம்பர். அக்கா தன் வாயால் சொன்ன ஒரு வாசகத்தை இங்கிலீஷில் மாற்றிப் போட்டேன்: பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்து காட்டாமல் எந்த மணப்பெண்ணையும் என் கடையை விட்டு அனுப்ப மாட்டேன் என்று. அது கடை வழக்கம். வெளியூர்ப் பெண்கள் கூகிளில் தேடிக் கடையைக் கண்டுபிடித்து போன் செய்ய ஆரம்பித்தார்கள். முதல் பக்கத்தில் ஐந்தாவதாக வந்துகொண்டிருந்தது. அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

இரண்டாயிரத்து நான்கில் இன்னொரு கவுன் கடைக்காரன் வெப்சைட் போட்டு முதல் இடத்துக்கு வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வரும்போது ஒருத்தர் சும்மா இருக்கமாட்டாமல், "என்ன கிறிஸ்டோபர், உங்க ஆளு அஞ்சாவதா?" என்றார். அவ்வளவுதான், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் இன்டர்நெட்டைக் குடைந்தேன். என்னைப் போன்ற அவசரக்காரர்கள் கூடிப் பேசும் தளங்களில் ஒரு வழி சொல்லியிருந்தார்கள். பக்கத்தின் அடியில் தேவையான வார்த்தைகளையெல்லாம் எழுதிவிடு, எழுத்தின் நிறத்தைப் பின்னணி நிறமாகவே வைத்துவிடு. வெள்ளையில் வெள்ளை. மனுஷக் கண்ணுக்குத் தெரியாது, கூகிள் மட்டும் வாசிக்கும்.

எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்து தினமும் செபமாலை. கடைசியில் மாதாவுக்கு உள்ள பேர்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று முடிப்போம். ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் மேலே இருக்கிறவர் காதில் கண்டிப்பாக விழும் என்று வளர்ந்தவன் நான். அதே ராகத்தில் எழுதினேன். புனே வெட்டிங் கவுன், கோவா வெட்டிங் கவுன், மங்களூர் வெட்டிங் கவுன், வசாய் வெட்டிங் கவுன் என்று முந்நூறு ஊர். இது ஏமாற்று என்று எனக்கு உறைக்கவே இல்லை. நிறைய சொன்னால் நிறைய பலன், அவ்வளவுதானே என்று நினைத்தேன். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு என்ன தெரியும் என்ற திமிர்.

பத்தே நாளில் முதலிடம். கோவாவிலிருந்து, துபாயிலிருந்து போன் வந்தது. அக்கா எனக்கு ஒரு முழு பிளம் கேக் வாங்கிக் கொடுத்தார். "என்னல மந்திரம் போட்ட?" என்று கேட்டார். "எல்லாம் டெக்னிக் அக்கா" என்றேன். அந்தப் பெருமையைக் காட்டியே இன்னும் பதினோரு கடைகளுக்கு வெப்சைட் செய்தேன். எல்லாவற்றிலும் அதே வெள்ளை எழுத்து.

இரண்டாயிரத்து ஆறு ஜனவரி முதல் வாரம். பெங்களூரில் கல்யாணம் முடிந்த ஒரு பெண் அக்காவுக்கு போன் செய்து கத்தினாள். பீடத்தை நோக்கி நடக்கும்போது கவுனிலிருந்து நாலைந்து முத்து உதிர்ந்ததாம், சின்னப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடினார்களாம். எல்லாரிடமும் சொல்லுவேன் என்று வேறு மிரட்டினாள். அக்கா ஷபானாவைப் பிடித்து அரை நாள் காய்ச்சினார். "நான் உதறித்தானேக்கா அனுப்பினேன்" என்று ஷபானா அழுதாள். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே தட்டில் பக்கோடா சாப்பிட்டுக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். நாலு முத்து உதிர்வது எந்த ஊரிலும் நடக்கிறதுதான். அது அன்றோடு முடிந்திருக்கும்.

முடியாமல் போனதற்குக் காரணம், அதற்குப் பதினைந்து நாள் கழித்து அக்காவின் போன் ஊமையாகிவிட்டதுதான்.

எங்களில் தவக்காலத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் கோயிலில் மேளம் கிடையாது. அதனால் ஈஸ்டர் முடிந்த கையோடு எல்லாரும் கல்யாணம் வைப்பார்கள். அத்தனை பேரும் ஜனவரி, பிப்ரவரியில் கவுனுக்குச் சொல்லிவிடுவார்கள். அந்த இரண்டு மாதத்தில் போன் அடிக்கவில்லையென்றால் அந்த வருஷத்துக்கே வேலை இல்லை. மற்ற வருஷங்களில் ஒரு நாளைக்கு எட்டு, பத்து போன் வந்த இடத்தில் வாரத்துக்கு ஒன்று வந்தது. அதுவும் கேம்ப் ஆட்கள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏல கிறிஸ்டோ, நம்ம வெப்சைட்டு கெட்டுக் கிட்டுப் போச்சா? கொஞ்சம் பாரேன்."

அறைக்குப் போய் முகவரியைத் தட்டினேன். பக்கம் ஜம்மென்று திறந்தது. படம், நம்பர் எல்லாம் இருந்தது. "எல்லாம் சரியா இருக்கு அக்கா" என்று போனில் சொன்னேன். அது நான் செய்த இரண்டாவது முட்டாள்தனம். சொந்த வீட்டுக்குச் சாவி போட்டுத் திறந்து பார்த்துவிட்டு, ஊரிலிருந்து வருகிறவனுக்கு வழி தெரிகிறதா என்று பார்க்காமலே விட்டேன்.

"அப்ப அந்த பெங்களூர்க்காரிதான்" என்றார் அக்கா. "ஊரெல்லாம் சொல்லிப்புட்டா போல."

பிப்ரவரி கடைசித் திங்கட்கிழமை சிஞ்ச்வட்டிலிருந்து ஒரு பெண் என்னிடம் பத்திரிகை அடிக்க வந்தாள். அக்காவிடம் அளவு கொடுத்துவிட்டு வந்திருந்தாள். "இவங்கள கண்டுபிடிக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. கூகிள்ல தேடினா வரவே இல்ல. கடைசில என் கசின்கிட்ட நம்பர் வாங்கினேன்" என்றாள். அவள் படியிறங்கும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் எல்லாரும் தேடுகிற மாதிரி, புனே வெட்டிங் கவுன் என்று தேடினேன். முதல் பக்கத்தில் இல்லை. இரண்டில் இல்லை. பத்துப் பக்கம் போனேன், இல்லை. சரி, பின்னுக்குப் போயிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு கடைப் பேரையே போட்டுத் தேடினேன். அந்தப் பேரில் உலகத்தில் வேறு கடை கிடையாது. அப்படியும் வரவில்லை. பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்து என்கிற அக்காவின் அந்த வாசகத்தை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டேன். அது வேறு யார் பக்கத்திலும் இருக்க முடியாது. ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டது.

கடைசியாக ஒரு சோதனை உண்டு. ஒரு தளத்தின் பக்கங்களில் எத்தனை உன் கணக்கில் இருக்கிறது என்று கூகிளிடமே கேட்கலாம். அக்காவின் தளத்தில் பதினாலு பக்கம். போன கிறிஸ்துமஸுக்குக் கேட்டபோது பதினாலும் இருந்தது. இப்போது பூஜ்யம். ஒருவேளை என் பக்கம்தான் ஏதாவது கோளாறோ, கூகிளை உள்ளே விடாதே என்று நானே தெரியாமல் எழுதி வைத்துவிட்டேனோ என்று ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. மாதாவே, அப்படி ஏதாவது இருக்கக்கூடாதா என்று வேண்டிக்கொண்டே பார்த்தேன். பிறகு யாஹூவில் தேடினேன். அங்கே மூன்றாவது இடத்தில் ஜோராக உட்கார்ந்திருந்தது. ஆக, தளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கூகிள்தான் அதைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறது. அப்படித் தள்ளுவதற்கு என்ன காரணங்கள் என்று அவர்கள் விதிகளில் எழுதியிருந்தார்கள். மறைத்து வைத்த எழுத்து என்பதும் அதில் இருந்தது.

என் மற்றப் பதினோரு தளங்களையும் தேடினேன். நாலு போயிருந்தன.

அன்றைக்கே எல்லா வெள்ளை எழுத்தையும் அழித்தேன். தண்டனை பெற்ற தளத்தைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி மனுப் போட கூகிளில் ஒரு படிவம் இருந்தது. சும்மா மனுப் போட முடியாது. இந்தத் தளம் விதிகளை மீறியிருக்கிறது என்று நம்புகிறேன், இப்போது மீறவில்லை, இனிமேல் மீறாது என்று கட்டங்களில் டிக் அடிக்க வேண்டும். கீழே விளக்கம் எழுத ஒரு பெட்டி. நான் எழுதினேன்: "தப்பு செய்தது நான். கடைக்காரருக்கு இது தெரியாது. அவர் நேர்மையான பெண்மணி. என் தலைக்கனத்துக்காக அவர் கஷ்டப்படுகிறார். தயவுசெய்து மன்னித்துவிடுங்கள்." எழுதும்போது கண் கலங்கியது. அனுப்பிய பிறகு மனசு லேசாகிவிட்டது. வெட்கக்கேடு, உண்மையிலேயே லேசாகிவிட்டது.

அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை நினைத்தேன். மறுநாள் சாம்பல் புதன், நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்து நினைத்தேன். வியாழன், வெள்ளியும் அப்படியே போயின. சொன்னால் அக்கா சும்மா இருப்பாரா, கோயில் வாசலில் நின்று கேட்பார். மற்றப் பதினோரு கடைக்காரர்களும் கேட்பார்கள். என் பிழைப்பில் மண் விழும். தளம் திரும்பி வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒத்திப் போட்டேன்.

சனிக்கிழமை மதியம் ஒரு பத்திரிகை மாதிரியைக் காட்ட அக்கா கடைக்குப் போனேன். ஷபானா தன் ஊசி டப்பாவையும் மூக்குக்கண்ணாடியையும் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"நல்ல வேளை வந்த கிறிஸ்டோ, நீயே சொல்லு" என்றார் அக்கா. குரல் கரகரத்தது, அவரும் அழுதிருக்கிறார். "வெப்சைட்டு சரியாத்தான இருக்கு? நீதான சொன்ன? அப்ப வேற என்ன காரணம்? அந்தக் கவுனுதான? இவள வச்சிக்கிட்டு நான் எப்படி அடுத்த கவுன வெளிய அனுப்புவேன்? எனக்குப் பயமா இருக்குல."

ஷபானா என்னைப் பார்த்தாள். "அண்ணா, நான் எப்பவும் உதறித்தான் குடுப்பேன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை போதும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "வெப்சைட்ட இன்னொரு தடவை நல்லா பாக்கேன் அக்கா" என்றேன். திருட்டுப் பயல் பேச்சு. அக்கா தலையை ஆட்டினார். ஷபானா பையை எடுத்துக்கொண்டு, "வர்றேன்க்கா" என்று சொல்லிவிட்டுச் சந்தில் இறங்கிப் போனாள். பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்த கடை. நான் பத்திரிகை மாதிரியைக் கையில் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

தவக்காலம் முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. வீட்டில் எரிந்து விழுந்தேன். லீலா, என் மனைவி, "என்னத்த முழுங்கிட்டு இப்படி முழிக்கீங்க?" என்று கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துக்கு முன்னால், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அதிலும் சாமர்த்தியம்: தமிழ்ச் சாமியாரிடம் போகாமல், காது மந்தமான ஒரு வயசான கோவாக்காரச் சாமியாரிடம் போய், "வேலையில் சில பொய்கள் சொன்னேன்" என்று இங்கிலீஷில் சொன்னேன். மூன்று அருள்நிறை மரியே செபம் சொல்லச் சொன்னார். மூன்றே மூன்று. முட்டி போட்ட இடத்திலேயே சொல்லி முடித்துவிட்டு வந்தேன்.

புனித வியாழனன்று தேடியபோது அக்காவின் கடை கூகிளுக்குத் திரும்பியிருந்தது. பதினாலு பக்கமும் இருந்தது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஈஸ்டர் முடிந்து இரண்டாவது வாரம் அக்காவே என் மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்தார். கையில் கேக் டப்பா.

"கிறிஸ்டோ, போன் வர ஆரம்பிச்சிட்டுல! நேத்து மட்டும் ஆறு! மே மாசத்துக்கு, டிசம்பருக்கு, எல்லாத்துக்கும் கேக்காங்க!" நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பாத்தியா? எனக்கு மனசே கேக்காமத்தான் அவள அனுப்புனேன். நான் செஞ்சது சரியோ தப்போன்னு தினம் அழுதேன். அவ போனதும் எல்லாம் சரியாயிட்டு பாரு. அப்ப அவ கைதான் காரணம். இப்பத்தான் எனக்கு நிம்மதி."

என் கையில் கேக். நான் ரகசியமாகச் சரிசெய்து வைத்தது, ஷபானாதான் குற்றவாளி என்று சாட்சி சொல்லிவிட்டது. இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை.

சொன்னேன். வெள்ளை எழுத்து, முந்நூறு ஊர், கூகிள் தள்ளியது, படிவம், எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கத்துவார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். கத்தவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"சாம்பல் புதனுக்கு ரெண்டு நாளைக்கு முன்னால."

அக்கா விரல் விட்டுப் பார்த்தார். "நான் ஷபானாவ அனுப்புனது சாம்பல் புதனுக்கு அப்புறம் வந்த சனிக்கிழம. நீ அங்க நின்னியே. உன்ட்ட கேட்டேனே."

நான் கேக்கை மேஜை மேல் வைத்தேன்.

"கம்ப்யூட்டர்காரனுக்கு என்னமோ எழுதுனேன்னியே, அத வாசி. தமிழ்ல சொல்லு."

சேமித்து வைத்திருந்ததைத் திறந்து வாசித்தேன். தப்பு செய்தது நான். அவர் நேர்மையான பெண்மணி. தயவுசெய்து மன்னித்துவிடுங்கள்.

"யாருன்னே தெரியாதவன்ட்ட எவ்வளவு அழகா மன்னிப்புக் கேட்டிருக்க" என்றார் அக்கா. அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. "ஒரு சந்து தள்ளி இருக்கவ நான். பீம்புரா என்ன அமெரிக்காலயா இருக்கு? எந்திரி. செருப்ப மாட்டு."

ஆட்டோ பிடித்துப் போனோம். வெள்ளிக்கிழமை, ஷபானா வீட்டில்தான் இருந்தாள். அக்காவைப் பார்த்ததும் பதறிப்போய்ப் பாயை விரித்தாள். இளைத்திருந்தாள். கொண்ட்வாவில் ஒரு ரெடிமேட் துணிப் பட்டறைக்குப் போவதாகவும் வெள்ளிக்கிழமை அங்கே லீவு என்றும் சொன்னாள்.

"முத்து வேலையா?" என்று அக்கா கேட்டார்.

"இல்லக்கா. ஹூக்கு தைக்கிறேன். முத்து வேலைக்குத்தான் கூப்பிட்டாங்க, நானே வேணாம்னுட்டேன். என் முடிச்சு நிக்காது, வேற ஆளப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டேன். கல்யாணப் பொண்ணுங்க ட்ரெஸ்ல நமக்கு எதுக்குக்கா வம்பு?"

அக்கா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். "தப்பு என் மேல ஷபானா. உன் முடிச்சுல ஒரு கொறையும் இல்ல. போன் வராததுக்குக் காரணமே வேற. இந்தா நிக்கான் பாரு, இவன்தான்."

நான் திரும்ப எல்லாம் சொன்னேன். அவளுக்குப் புரிகிற மாதிரி, ஒவ்வொன்றாக, தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து சொன்னேன். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். முடிந்ததும் மெதுவாகக் கேட்டாள்: "ஆனா முத்து உதிர்ந்தது நெஜம்தானே அண்ணா?"

"நாலு முத்து ஷபானா! அதுக்கும் போன் வராததுக்கும் சம்பந்தமே இல்ல!"

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது, என் மேலேயே. வா, காட்டுகிறேன் என்று அவளைக் கூட்டிக்கொண்டு என் மாடிக்கு வந்தேன். அக்காவும் வந்தார். அழிப்பதற்கு முன் எடுத்து வைத்திருந்த பழைய பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். கவுன் படங்களுக்குக் கீழே வெறும் வெள்ளை. மவுசை வைத்து அந்த இடத்தை இழுத்தேன். நீலப் பட்டையில் எழுத்துகள் வரிசை வரிசையாக வெளியே வந்தன, கீழே கீழே போய்க்கொண்டே இருந்தன.

"இதுதான். இத நான்தான் மறைச்சு வச்சேன். இதுனாலதான்."

ஷபானா திரையருகே குனிந்து பார்த்தாள். "என்ன எழுதியிருக்குது அண்ணா?"

"ஊர் பேர்."

"வெறும் ஊர் பேரா?"

"ஆமா. முந்நூறு ஊர்."

"ஊர் பேர் எழுதினதுக்கா அக்கா கடைய மூடப் பாத்தாங்க?" அவள் சிரித்துவிட்டாள். அவள் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. நான் சத்தியம் செய்தேன். என் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தேன். அக்காவும் "நெஜந்தான்டி, நம்புடி" என்றார். ஷபானா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அக்கா பக்கத்தில் இருந்ததால் கொஞ்சம் கூச்சத்தோடு என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு ரொம்ப நல்ல மனசு அண்ணா. எனக்காக வேற யாரு இப்படி வந்து பழிய ஏத்துக்குவாங்க?"